கருவேலங்கட்டையில் பட்ட புரொப்பெல்லர்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செங்கல்பட்டுக்குத் தெற்கே நாங்கள் வழக்கமாகப் படகு விடும் ஏரியில், என் ரிமோட் கண்ட்ரோல் படகு மதகைத் தாண்டித் திரும்பும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்திருந்தது. சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டு, பின்னர் ஏலத்தில் வெட்டிக்கொண்டுபோன கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் நீருக்குள் மறைந்து கிடந்தன. அவற்றில் ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றிருக்கிறது. படகு கவிழவுமில்லை, நிற்கவுமில்லை. ஆனால் அதன் குரல் மாறிவிட்டது. அதுவரை ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்த மோட்டாரின் ஒலிக்குள் ‘கர்ர்’ என்ற ஓர் அதிர்வு கலந்து, கரையில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. வேகத்தைக் கால்வாசிக்குக் குறைத்துப் படகைக் கரை சேர்த்தேன்.

கரைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான். ரிமோட்டை அணைத்துவிட்டோம் என்பதற்காகப் புரொப்பெல்லரில் கை வைக்கக் கூடாது. சிக்னல் போன நேரத்தில் மோட்டார் ஒரு முறை துள்ளினாலும் விரல் கிழியும். இணைப்பைக் கழற்றிய பிறகுதான் படகைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு இறக்கை கொண்ட, 40 மி.மீ. விட்டமுள்ள பித்தளைப் புரொப்பெல்லர் அது. ஓர் இறக்கையின் முன் விளிம்பில், நுனிக்குச் சற்று உள்ளே, ஒன்றரை மி.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அதே இறக்கையின் நுனியும் லேசாக மடங்கியிருந்தது. இன்னோர் இறக்கையில் கீறல்கூட இல்லை.

இந்த அளவு காயத்தைப் பார்ப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிறிய வெட்டுதானே என்று அப்படியே ஓட்டுவார்கள். இல்லையென்றால் அடிபட்ட இறக்கையை மட்டும் அரத்தால் நாலு இழுப்பு இழுத்துச் சரியாகிவிட்டது என்று மாட்டிவிடுவார்கள். இரண்டுமே படகுக்குக் கெடுதல் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். காயம் பட்டது ஓர் இறக்கையில் என்றாலும் வேலை இரண்டு இறக்கைகளிலும் இருக்கிறது. இழந்த உலோகத்தைத் திரும்ப வைக்க நம்மால் முடியாது. மீதமிருப்பதை ஒன்றுக்கொன்று ஒப்பாக்கத்தான் முடியும். பழுதுபார்ப்பின் முக்கால் பங்கு இந்த ஒப்பாக்கலில்தான் செலவாகிறது.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஒன்றரை மி.மீ. ஆழமும் மூன்று மி.மீ. அகலமும் உள்ள முக்கோண வெட்டில், இறக்கையின் கனம் 0.8 மி.மீ. என்று கொண்டால், போன பித்தளையின் எடை ஏறத்தாழ 0.015 கிராம். நகைப் பட்டறையின் பழைய அளவில் சொன்னால் ஒரு குன்றிமணியில் எட்டில் ஒரு பங்கு. என் படகில் இருப்பது 2000 கேவி மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று சுற்றுவது; 11.1 வோல்ட் லைப்போ பேட்டரியில் பளு இல்லாமல் சுற்றினால் நிமிடத்துக்கு 22,200 சுற்றுகள். தண்ணீரில் பளு ஏறும்போது 18,000 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 300 சுற்றுகள். அச்சிலிருந்து 18 மி.மீ. தள்ளியிருக்கும் அந்த 0.015 கிராம் குறைவு, இந்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு நியூட்டன் விசையை உண்டாக்குகிறது. நூறு கிராம் எடைக்கல் ஒன்றைத் தண்டின் நுனியில் கட்டி, அது இழுக்கும் திசையை நொடிக்கு 300 முறை சுழற்றிவிடுவதற்கு ஒப்பான விசை இது. தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் உள்ளே இருக்கும் புஷ் தேய்வதும், முறுக்கிய கம்பித் தண்டான ஃபிளெக்ஸ் ஷாஃப்டின் இழைகள் அறுவதும், மோட்டார் பேரிங் சத்தம் போடத் தொடங்குவதும் இந்த விசையால்தான்.

எடைக் குறைவோடு பிரச்சினை முடிவதில்லை. விளிம்பில் வெட்டு இருந்தால் நீரோட்டம் அந்த இடத்தில் இறக்கையை விட்டுப் பிரிகிறது. அழுத்தம் வெகுவாக இறங்கி, நீர் அங்கேயே ஆவியாகிக் குமிழியாகிறது. இதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம். பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் தம் ‘டர்பைனியா’ கப்பலை 1894இல் ஒரே புரொப்பெல்லரோடு வெள்ளோட்டம் விட்டபோது, எஞ்சினில் வலு இருந்தும் கப்பல் 20 நாட் வேகத்தைத் தாண்டாமல் தடுமாறியது இந்தக் குமிழிகளால்தான். மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று என ஒன்பது புரொப்பெல்லர்களாகப் பளுவைப் பகிர்ந்த பிறகே 1897இல் அது 34 நாட் வேகத்தில் பாய்ந்தது. கையளவு புரொப்பெல்லரில் நடப்பதும் அதே இயற்பியல்தான். ஓர் இறக்கை தண்ணீரை நன்றாகத் தள்ள, இன்னொன்று குமிழிகளுக்குள் வெறுமனே சுற்றினால், எடை சமமாக இருந்தாலும் தண்டு அதிரும்.

புரொப்பெல்லரின் பின் நட்டைக் கழற்றி எடுத்ததும் வீட்டில் செய்த முதல் வேலை, அதைப் புளி போட்டுத் தேய்த்ததுதான். பித்தளைக் குத்துவிளக்குக்கு வீட்டில் செய்யும் அதே முறை. ஏரி நீரின் பாசிப் படிவும் கறுப்பும் போய்ப் பளிச்சென்று ஆனால்தான் எங்கே விரிசல் இருக்கிறது, எங்கே மடிப்பு தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு மார்க்கர் பேனாவால் குடத்தின் மேல், அடிபட்ட இறக்கையின் பக்கம் ஒரு புள்ளியும் மற்றதன் பக்கம் இரண்டு புள்ளிகளும் வைத்தேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையைக் குடம் என்போம். புரொப்பெல்லரின் நடுப்பகுதிக்கும் அந்தச் சொல்லே பொருத்தமாக இருப்பதால் நான் அப்படியே எழுதுகிறேன். புள்ளி வைக்காமல் வேலை செய்தால், அரை மணி நேரத்தில் எந்த இறக்கையை எவ்வளவு அராவினோம் என்பது மறந்துபோகும்.

விரிசல் பார்க்க ஒரு பழைய பட்டறை முறை உண்டு. புரொப்பெல்லரை மண்ணெண்ணெயில் கால் மணி நேரம் ஊறப் போட்டு, எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன் மேல் சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை போல் ஒரு கோடாகத் தெரியும். இறக்கை குடத்தோடு சேரும் அடிப்பகுதியைத்தான் இதில் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே கோடு தெரிந்தால் எந்தப் பழுதுபார்ப்பும் கூடாது, அந்தப் புரொப்பெல்லரைக் கழித்துவிட வேண்டும். முழு வேகத்தில் அறுந்து பறக்கும் இறக்கை படகின் அடியைக் கிழிக்கும், கரையில் நிற்பவர்களையும் தாக்கும். என்னுடையதில் அடிப்பகுதி சுத்தமாக இருந்தது. வெட்டின் கூர்முனையில் மட்டும் அரை மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து அளவெடுத்தல். வரைபடத் தாளில் 14 மி.மீ., 16 மி.மீ. ஆரங்களில் இரண்டு வட்டங்களும், மையத்திலிருந்து 60 பாகை விரியும் இரண்டு கோடுகளும் வரைந்து, அதைக் கண்ணாடித் துண்டு ஒன்றின் கீழே ஒட்டினேன். கண்ணாடியின் மேல் புரொப்பெல்லரின் குடம் தட்டையாக உட்காரும்படி மையத்தில் வைத்தேன். பிட்ச் என்பது, வழுக்கலே இல்லையென்றால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம். அதை ஆரத்தின் பத்தில் ஏழு பங்கில், அதாவது இங்கே 14 மி.மீ. வட்டத்தில், அளப்பது வழக்கம். வெர்னியர் காலிப்பரின் ஆழக்கம்பியால் இரண்டு கோடுகளுக்கும் நேர் மேலே இறக்கையின் உயரத்தை அளந்து, வித்தியாசத்தை 360ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் பிட்ச் வந்துவிடும். நல்ல இறக்கையில் வித்தியாசம் 9.3 மி.மீ.; பிட்ச் 56 மி.மீ.க்கு ஒரு நூலிழை குறைவு. விட்டத்தைப் போல் 1.4 மடங்கு பிட்ச் கொண்ட புரொப்பெல்லர் அது என்பதால் கணக்கு பொருந்துகிறது. அடிபட்ட இறக்கையில் 14 மி.மீ. வட்டத்தில் மாற்றமில்லை, நுனியை ஒட்டிய 16 மி.மீ. வட்டத்தில் மட்டும் 8.6 மி.மீ. தான் இருந்தது. அந்த இடத்தில் பிட்ச் 51.6 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. மடிப்பு எங்கிருந்து தொடங்குகிறது, எவ்வளவு நிமிர்த்த வேண்டும் என்ற இரண்டும் இந்த இரு எண்களிலேயே கிடைத்துவிட்டன. கண்மதிப்பில் ‘லேசான மடிப்பு’ என்று நினைத்தது, அளந்தால் நூற்றுக்கு எட்டு பங்கு பிழை.

மடிப்பை நிமிர்த்த எனக்குக் கற்றுத் தந்தவர், கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுத்து ஈயம் பூசித் தரும் ஒரு பெரியவர். சில ஆண்டுகளுக்கு முன் இதே போல் வளைந்த ஒரு புரொப்பெல்லரை அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இத ஒரே அடியில நிமித்தக் கூடாது. மடிஞ்ச எடத்துலயே அடிச்சா அங்கயே தெறிச்சிடும். வெளியில இருந்து உள்ள வாங்க, கொஞ்சம் கொஞ்சமா” என்றார். “சூடு பண்ணினா சுலபமா இருக்குமா ஐயா?” என்று கேட்டேன். “தண்ணிக் குடத்துக்குச் சரி. இதுல றெக்கையை ஒட்டவெச்சிருக்காங்களே, அது எளகிடுமே” என்று இறக்கையும் குடமும் சேரும் இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். வெள்ளிப்பற்று வைத்த வளையம் அங்கே மெல்லிய வெண்கோடாகத் தெரிந்தது. அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை.

அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணம் இது. பித்தளையை ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் அது இறுகுகிறது. இறுகிய பித்தளையை மேலும் வளைத்தால் பிளக்கிறது. மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சி ஆறவிட்டால் இறுக்கம் தளரும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் காய்ச்சும்போது பற்றுவைத்த இணைப்பு நெகிழும் ஆபத்து உண்டு. முழுக்க வார்ப்பில் வந்த புரொப்பெல்லராக இருந்தாலும், காய்ச்சிய இறக்கை மென்மையாகிவிடுவதால் தண்ணீரின் பளுவில் வளைந்துகொடுக்கும். ஆகவே நுனியில் ஓரிரு மி.மீ. மடிப்பு என்றால் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்துகிறேன். அதற்கு மேல் மடங்கியிருந்தாலோ, மடிப்பு அடிப்பகுதியில் விழுந்திருந்தாலோ நிமிர்த்துவதில்லை.

நல்ல இறக்கையின் வளைவைப் பார்த்து வேப்பங்கட்டைத் துண்டு ஒன்றில் அதே வளைவைச் செதுக்கி, அதை வைஸில் பிடித்தேன். அடிபட்ட இறக்கையை அதன் மேல் படியவைத்து, மேலே பழைய செருப்புத்தோல் ஒன்றைப் போட்டு, சிறிய மரச்சுத்தியலால் நுனியிலிருந்து மடிப்பை நோக்கித் தட்டினேன். நாலு தட்டு, பிறகு கண்ணாடியின் மேல் வைத்து அளவு. மறுபடி நாலு தட்டு, மறுபடி அளவு. 8.6 என்பது 8.9 ஆகி, 9.1 ஆகி, ஆறாவது முறை 9.3இல் நின்றது. இரும்புச் சுத்தியலோ வெறும் பிளேயரோ இந்த வேலைக்கு உதவாது. அவற்றின் பல்தடம் இறக்கையில் பதியும், பதிந்த தடம் ஒவ்வொன்றும் குமிழி கிளம்பும் புது இடமாகும். பிளேயர்தான் கையில் இருக்கிறது என்றால் வாயில் தோல் சுற்றிக்கொள்ள வேண்டும்.

இனி வெட்டு. இதை ஈயப்பற்று வைத்து நிரப்பலாமே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சாதாரண ஈயப்பற்று மென்மையானது. இறக்கையின் விளிம்பில், அதுவும் பளு அதிகம் விழும் முன் விளிம்பில், அது நிலைக்காது. ஓட்டத்தின் நடுவில் உதிர்ந்தால் சமநிலை அந்த நொடியே போய்விடும். வெட்டை நிரப்பாமல், அதைச் சுற்றியுள்ள விளிம்பை மெல்ல இறக்கி வெட்டையே இல்லாமலாக்குவதுதான் சரியான வழி. கூரான அடிமுனை கொண்ட வெட்டில் விசை முழுவதும் அந்த முனையில் குவிகிறது. அங்கிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. மண்ணெண்ணெயில் தெரிந்த அரை மி.மீ. கோடு அப்படிக் கிளம்பியதே. ஆகவே அராவும்போது அந்தக் கோடு முழுவதும் மறையும் ஆழம் வரை போயாக வேண்டும். ஒன்றரை மி.மீ. வெட்டும் அரை மி.மீ. விரிசலுமாக இரண்டு மி.மீ. ஆழம்.

ஆழம் இரண்டு மி.மீ. என்றால், அந்தச் சரிவு விளிம்பின் வழியே குறைந்தது 16 மி.மீ. நீளத்துக்காவது பரவ வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. ஆழத்தைப் போல் எட்டு மடங்கு நீளம். குட்டையாக அராவினால் அது வட்டமான வெட்டாகத்தான் இருக்கும், நீரோட்டத்துக்கு அது இன்னும் காயம்தான். ஊசி அரங்களில் அரைவட்ட அரத்தை எடுத்து, வெட்டின் நடுவிலிருந்து இரு பக்கமும் நீளமாக இழுத்தேன். நுனி வரை சரிவு ஓடியதால் நுனியும் 0.4 மி.மீ. குறைந்தது. அரத்தை எப்போதும் இறக்கையின் முதுகுப் பக்கத்திலிருந்து வைத்தேன். படகை முன்னே தள்ளுவது இறக்கையின் பின்னோக்கிய முகம். தண்ணீரை அழுத்தும் அந்த முகத்தின் வளைவில்தான் பிட்ச் இருக்கிறது. அதில் அரம் பட்டால் பிட்ச் மாறும். எடை குறைக்க வேண்டும், விளிம்பைக் கூராக்க வேண்டும் என்ற எல்லா வேலைக்கும் முன்னோக்கிய முதுகுதான் இடம். இந்த ஒரு விதியை மீறிக் கெடுத்த புரொப்பெல்லர்கள் அடிபட்டுக் கெட்டவற்றைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அராவி முடித்ததும் விளிம்பில் பிசிர் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலின் பின்புறத்தைக் குறுக்கே மெல்ல இழுத்தால் உறுத்தும். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பிசிரை எடுத்து, 600, பிறகு 1000 என்று மாற்றித் தேய்த்தேன்.

இதோடு நிறுத்தினால் ஓர் இறக்கை சிறுத்தும் இன்னொன்று பெருத்தும் இருக்கும். பழுது நீங்கிய இறக்கையைத் தடித்த அட்டையின் மேல் வைத்து, மெல்லிய பென்சிலால் அதன் உருவை வரைந்து வெட்டி ஓர் அச்சு எடுத்தேன். இறக்கை முறுக்கியிருப்பதால் அட்டையை அதன் மேல் அழுத்திப் படியவைத்துத்தான் வரைய வேண்டும். அந்த அச்சை நல்ல இறக்கையின் மேல் பொருத்தி, வெளியே நீட்டிய பகுதியை மார்க்கரால் கறுப்பாக்கி, அந்தக் கறுப்பு முழுதும் போகும் வரை அராவினேன். அடிபடாத இறக்கையில் அரம் வைக்க மனம் வராது, நானும் தயங்கியவன்தான். ஆனால் இதைச் செய்யாமல் சமநிலை கிடைக்காது. எடையை மட்டும் சமமாக்கி வடிவைச் சமமாக்காமல் விட்டால், வெறும் காற்றில் அமைதியாகச் சுற்றும் புரொப்பெல்லர் தண்ணீரில் அதிரும்.

இரண்டையும் முடித்தபோது விட்டம் 40இலிருந்து 39.2 மி.மீ. ஆகியிருந்தது. ஒரே வேகத்தில் சுற்றும்போது புரொப்பெல்லர் மோட்டாரிடமிருந்து இழுக்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே விட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால் மோட்டாரின் பளு கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து பங்கு குறையும். மோட்டார் சற்று வேகமாகச் சுற்றி அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். இதை இழப்பு என்று நான் கருதுவதில்லை, மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அது இளைப்பாறல். ஆனால் இதே போல் இரண்டு மூன்று முறை அராவி விட்டம் 37, 38 என்று இறங்கினால், அது வேறு அளவுப் புரொப்பெல்லராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறிய படகுக்கு மாற்றிவிட வேண்டும்.

சமநிலை பார்க்கக் காந்தத்தில் தொங்கும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பது மரக்கட்டையில் செங்குத்தாக, இணையாகப் பதித்த இரண்டு சவர பிளேடுகள். கட்டையை ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபிளெக்ஸ் ஷாஃப்டின் அதே கனமுள்ள 4.76 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பகுதியைக் குடத்தில் செருகி, பிளேடுகளின் மேல் மெல்ல வைத்தேன். இரண்டு புள்ளி வைத்த இறக்கை கீழே இறங்கியது. அது பிட்டின் கோணலாக இருக்கலாம் என்பதால், பிட்டை மட்டும் அரைச்சுற்று திருப்பிச் செருகி மறுபடியும் வைத்தேன். அப்போதும் அதே இறக்கைதான் இறங்கியது. இனி ஐயமில்லை. அதன் முதுகில், நுனிப் பக்கம், 600 நம்பர் பேப்பரால் பத்து முறை தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. முதலில் பட்டென்று விழுந்த இறக்கை, பிறகு தயங்கி இறங்கியது. பிறகு ஊசலாடி நின்றது. கடைசியில் எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நின்றது. இறக்கைகளைக் கிடையாக வைத்துப் பார்ப்பதோடு செங்குத்தாகவும் நிறுத்திப் பார்க்க வேண்டும். செங்குத்தாக நின்றது மெல்லச் சாய்ந்தால் குடத்தின் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்தைக் குடத்திலேயே லேசாக அராவிவிடலாம்.

விளிம்புக் கூர்மை படகைப் பொறுத்தது. என் படகைப் போல் பாதி இறக்கை நீருக்கு வெளியே சுற்றும் வேகப் படகுகளில், ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை நீரைப் புதிதாகக் கிழித்துக்கொண்டு இறங்குவதால், முன் விளிம்பு கத்தி போல் கூராக இருக்க வேண்டும். பின் விளிம்பின் கனத்தைத் தொடக் கூடாது. இழுவைப் படகு, மீன்பிடிப் படகு போன்ற மாதிரிகளில் புரொப்பெல்லர் முழுதும் நீருக்குள் இருக்கும். அவற்றில் முன் விளிம்பை மெல்ல உருட்டியும் பின் விளிம்பை மெல்லியதாகவும் வைப்பதே சரி.

இவ்வளவும் பித்தளைக்குச் சொன்னது. பெரிலியம் செம்பில் வார்த்த புரொப்பெல்லர்களுக்கு இதில் ஒரு பகுதியை அப்படியே பின்பற்றக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேகப் படகுக்காரர்களிடம் பரவலாக இருக்கும் ஆக்டூரா புரொப்பெல்லர்கள் பல அந்த உலோகத்தில் வருகின்றன. அவற்றின் எக்ஸ் வரிசையில் 440 என்றால் பிட்ச் விட்டத்தைப் போல் 1.4 மடங்கு, விட்டம் 40 மி.மீ. என்று பொருள். உறுதியான, அருமையான பொருள். வாங்கியதும் கூராக்கிச் சமப்படுத்தித்தான் மாட்ட வேண்டும் என்பதால் அராவல் தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் பெரிலியம் நுரையீரலில் தங்கி, தீராத நோயை உண்டாக்கக்கூடும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி 2017இல் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் தூசியின் அளவே அல்ல. ஆகவே அந்த உலோகத்தில் சுழல் கருவி வேண்டாம், உலர் அரம் வேண்டாம். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, புரொப்பெல்லரும் பேப்பரும் நீருக்குள்ளேயே இருக்கும்படி தேய்த்து, தகுந்த முகக்கவசம் அணிந்து, கலங்கிய நீரை ஈரத்தாளால் ஒற்றியெடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும். வாயால் ஊதவே கூடாது. குழந்தைகள் நடமாடும் கூடத்தில் இந்த வேலை கூடாது. எந்த உலோகம் என்று தெரியாத புரொப்பெல்லரையும் பெரிலியம் செம்பாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நைலான் புரொப்பெல்லர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிசிரைக் கூரான பிளேடால் சீவி, பேப்பரால் தேய்த்து, சமநிலை பார்த்தால் போதும். புது நைலான் புரொப்பெல்லரைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டுவைத்தால் அது நீரை உறிஞ்சி, நொறுங்கும் தன்மை குறைந்து, அடியைத் தாங்கும். விரிசல் விட்டதை ஒட்டவைத்து ஓட்டக் கூடாது.

புரொப்பெல்லரை மாட்டுவதற்கு முன் தண்டையும் பார்த்தேன். கட்டையில் மோதிய வேகம் இறக்கையோடு நின்றிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஃபிளெக்ஸ் ஷாஃப்டை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, அதன் நுனியில் உள்ள உருக்குத் தண்டைக் கண்ணாடியின் மேல் உருட்டினேன். அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைந்திருக்கிறது என்று பொருள். என்னுடையது நேராக இருந்தது. புதிய மரைன் கிரீஸ் தடவிச் செருகி, புரொப்பெல்லரைப் பற்றும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் மூன்று மி.மீ. இடைவெளி விட்டு இறுக்கினேன். பளு ஏறும்போது முறுக்கிய கம்பித் தண்டு குறுகும்; இடைவெளி இல்லையென்றால் டாக் ஸ்ட்ரட்டில் உரசிச் சூடாகும்.

அடுத்த ஞாயிறு ஏரியில் முதல் ஐந்து நிமிடம் அரை வேகத்தில் மட்டும் ஓட்டினேன். படகு தொலைவில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தக் ‘கர்ர்’ இல்லை. பிறகு முழு வேகம். ஜிபிஎஸ் காட்டிய உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ., அடிபடுவதற்கு முன் 46. மூன்று நிமிட ஓட்டத்துக்குப் பின் மோட்டார் 58 பாகை செல்சியஸ் வரை போகும். அன்று 55இல் நின்றது. விட்டம் குறைந்ததன் விளைவு அது. குறிப்பேட்டில் தேதியோடு விட்டம் 39.2, நுனிப் பக்கம் 9.3 என்று எழுதிவைத்தேன். அடுத்த அடி விழும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் அந்தக் கட்டையைப் பற்றிக் கேட்டேன். “மாசி பாதியில தண்ணி எறங்கும், அப்போ எல்லாக் கட்டையும் தல காட்டும். இப்போ மதகுக்கு மேக்கால விடாதீங்க, அங்க ஏழெட்டு நிக்குது” என்று கைகாட்டினார். அன்று மதகுக்குக் கிழக்கே மட்டும் ஓட்டினோம்.